ஞாயிறு மட்டும் மரநாய்

வாரத்தில் ஆறு நாள்
மாம்பழக் கூழின் இனிப்பை அளக்கிறவள் நான்.
தோத்தாபுரி பதினாலு, அல்போன்சா பதினேழு.
ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டு
வெளிச்சத்துக்கு நேரே பிடித்து
எண்ணை எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.
வெளியே காவேரிப்பட்டணம் சாலையில்
லாரிக்குப் பின்னால் லாரி,
கொட்டை நாற்றம், ஈ.

ஏழாம் நாள் மரநாய்.

முழுநாளும் இல்லை.
சாயங்காலம் நாலரைக்குத் தலையை மாட்டினால்
வியர்வை கண்ணுக்குள் இறங்கும்வரை.
மே மாதத்தில் அது பன்னிரண்டு நிமிடம்.

தலைக்கு, ஆட்டோ சீட் தைக்கும் கடையில்
மிச்சம் விழுந்த ஸ்பாஞ்சு.
மூக்குக்கு அதே கடையின் ரெக்சின்.
கண்ணுக்கு டீ வடிகட்டியின் வலை;
அதன் வழியே பார்த்தால்
கிருஷ்ணகிரி முழுக்கச் சலித்துத் தெரியும்.
ரோமத் துணி மட்டும் பெங்களூர்ச் சரக்கு,
மீட்டர் எழுநூற்றைம்பது.
"அந்தக் காசுல ரெண்டு சுடிதார் எடுத்திருக்கலாம்"
என்றாள் அக்கா.
எடுத்திருக்கலாம்தான்.

போன வருஷம் சீசனில், நைட் ஷிஃப்டில்,
கழித்துப்போட்ட பழக் குவியல் மேல்
நிஜமான ஒன்று வந்து நின்றது.
கருவியும் இல்லை, கண்ணாடியும் இல்லை,
மோந்து மோந்து
இருக்கிறதிலேயே இனிப்பான ஒன்றைத்
தூக்கிக்கொண்டு கூரையேறிப் போய்விட்டது.
என் சம்பளத்தை ஒரு நிமிடம் நினைத்துக்கொண்டேன்.
பிறகு பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்தேன்:
வெள்ளைக் கோட்டு போட்ட மரநாய்,
காதில் பேனா.
பெயர் செந்தூரா.

கேட்கிறவர்களுக்கு ஒரு காயம் வேண்டியிருக்கிறது.
சின்ன வயதில் ஏதாவது நடந்ததா?
மனுஷர்களைப் பிடிக்காதா?
பிடிக்கும்ங்க.
எதிர்வீட்டு முனிரத்தினம் சார்
ஞாயிறு முழுக்கப் புல்லட்டைத் துடைக்கிறார்.
ஓட்டுவதுகூட இல்லை. துடைக்கிறார்.
அவரிடம் யாரும்
உங்களுக்குள் என்ன குறை என்று கேட்டதில்லை.

நாங்கள் மொத்தம் மூன்று பேர்.
ஒசூரிலிருந்து திம்மராயன், நரி.
பஸ்ஸில் வாலை மடியில் வைத்து வருவான்,
"இது லக்கேஜா?" என்று ஒருமுறை கண்டக்டர்
நிஜமாகவே யோசித்தாராம்.
பழையபேட்டை தஸ்லீமா, ஓநாய்.
முக்காட்டுக்கு மேல் இரண்டு சாம்பல் காது, அவ்வளவுதான்;
மிச்ச ஓநாயை நாம் நினைத்துக்கொள்ள வேண்டும்.
மாசம் ஒருதரம் கே.ஆர்.பி. அணைப் பூங்கா.
ஆளுக்கு நாலு படம் எடுப்போம்.
இரண்டு மாதமாக வரமுடியாவிட்டால்
யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அன்றைக்கு மீன் கடைக்கு நேராகப் போய்விட்டோம்.
தலையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கியிருந்தேன்,
வாலைக் கழற்ற மறந்துவிட்டேன்.
சட்டியில் ஜிலேபிக் கெண்டையைத் திருப்பிக்கொண்டிருந்தவர்
நிமிர்ந்து பார்த்தார்.
மூவரும் பதிலைத் தயாராக வைத்திருந்தோம்.

"வாலத் தூக்கிப் புடி கண்ணு,
எண்ணெ தெறிக்குது."

தூக்கிப் பிடித்தேன்.
தஸ்லீமாதான் முதலில் சிரித்தாள்,
அப்புறம் மூச்சு முட்டும்வரை நாங்கள்.
என்னத்துக்குச் சிரிப்பு என்று தெரியாமல்
அவர் எலுமிச்சம்பழத்தை அரிந்தார்.
பக்கத்து பெஞ்சுக் குழந்தை ஒன்று
மடியிலிருந்த தலையைத் தடவி,
"தூங்குதா?" என்றது.
ஆமாம், அதுக்கு நைட் ஷிஃப்ட்.

திங்கட்கிழமை, ஆலை வாசல்.
தலைக்கு வலைத்தொப்பி, வாய்க்குத் துணி,
கோட்டின் மேல் பசை உருளையை உருட்டுகிறார்கள்;
கூழில் ஒரு முடி விழுந்தால்
ஒரு டேங்க் மொத்தமும் போச்சு.
உருளையில் ஒட்டி வந்தது
பழுப்பாய், விரல் நீளம், ஒன்றே ஒன்று.
சோதிக்கிற கோகிலா அதை
வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள்,
நான் சொட்டைப் பிடிக்கிற மாதிரியே.

"வீட்ல பூன வளக்கறீங்களாக்கா?"

"ஒரு மாதிரி" என்றேன்.
அவள் அதைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு
அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.