இருநூறு கேபி

தங்கச்சிமடம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே
ஜெராக்ஸ், ஆன்லைன், லேமினேஷன்
மூன்றும் ஒரே மின்விசிறியின் கீழ்.

டெல்சி வந்தபோது மழை விட்டிருந்தது.
கையில் கொழுந்தனின் ஐபோன்.
தோஹாவிலிருந்து விடுப்பில் வந்த பெலவேந்திரன்
வாடை அடித்த மறுநாள் காலை
வடக்குக் கடற்கரையில் எடுத்த படம், ஒன்றே ஒன்று.
அதற்குப் பிறகு படகுக்குத் தகரம் அடித்துவிட்டார்கள்.
தொழிலுக்குப் போகாமல் எத்தனை நாள் இருப்பது?

கேபிள் போட்டு இறக்கினேன்.
என் பழைய கணினியில் அது
வெள்ளைத் தாளாக வந்து உட்கார்ந்தது.
மூலை மடிந்த, எதுவும் எழுதாத தாள்.
பெயருக்குப் பின்னால் ஹெச்.இ.ஐ.சி. என்று ஒரு வால்.
அழுத்தினால்
திறக்க மாட்டேன் என்றது.

"போன்ல நல்லாத்தான தெரியுது?"
தெரிகிறது அக்கா.
இந்தப் பெட்டிக்கு அந்தப் பாஷை வராது.
மீன்துறைக்கும் வராது.
அவர்களுக்கு ஜேபெக் வேண்டும்,
இருநூறு கேபிக்குள் வேண்டும்.

"மாத்துனா என்ன போகும்?"

பத்து வருடமாகக் கடை வைத்திருக்கிறேன்,
இதை ஒருவரும் கேட்டதில்லை.
நான் யோசிப்பதற்குள்
அவள் படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தாள்.
மூன்று நொடி படம் அசைந்தது.
அலை ஒன்று படகுக்குள் ஏறி
உடைந்த பலகை வழியாக வெளியே ஒழுகியது.
"தள்ளிக்க, தள்ளிக்க" என்று யாரோ கத்தினார்கள்.

இது போய்விடும், என்றேன்.

"தண்ணி ஒழுகுறதுதான தம்பி சாட்சி."

மாற்றினேன். மூன்று எம்பி ஆறானது.
சுருக்கினேன். நூற்றுத் தொண்ணூறு.
கடல் இருந்தது, வானம் இருந்தது,
தூரத்துப் பாலம் கோடாக இருந்தது,
படகில் சாய்ந்து நின்ற சிறுவனின் சிவப்பு டவுசர்கூட இருந்தது.
உடைப்பு மட்டும் இல்லை.
அந்த இடத்தில் ஒரு நிழல்,
யாரோ எண்ணெய்க் கையை வைத்ததுபோல.

சரி, வேறு வழி.
வானத்தை வெட்டினேன். பாலத்தை வெட்டினேன்.
"டவுசரு எம் மகன்" என்றாள்.
அவனையும் வெட்டினேன்.
உடைப்பும் சுற்றி ஒரு முழம் பலகையும் மிச்சம்.
இப்போது ஆணி துரு தெரிந்தது.
அனுப்பினேன். முப்பது ரூபாய்.

போகும்போது சொல்லி அனுப்பினேன்:
கேமரா அமைப்பில் 'அதிகம் ஒத்துப்போவது' என்று ஒன்று உண்டு,
கொழுந்தனை அதைத் தொட்டு வைக்கச் சொல்லுங்கள்.
"ஒத்துப்போனா எடம் கம்மியா பிடிக்குமா?"
இல்லை, இரண்டு மடங்கு பிடிக்கும்.
அவள் சிரித்த சிரிப்பில்
லேமினேஷனுக்கு நின்றவர் திரும்பிப் பார்த்தார்.
"எங்க வீட்டுல ஒத்துப்போறவளுக்கு
ஒக்கார எடமில்ல."

இரவு கடை மூடும்போது
அன்றைய கோப்புகளை வழக்கம்போல் அழித்தேன்.
என் கணினிக்கு அது கடைசிவரை
வெள்ளைத் தாள்தான்.

ஐந்தாம் நாள் குறுஞ்செய்தி:
பதிவு எண்ணுடன் படகு முழுமையாகத் தெரிய வேண்டும்.

அதே போன், அதே படம், அதே வால்.
பெலவேந்திரன் அமைப்பை மாற்றித்தான் இருந்தான்.
அது இனி எடுக்கப் போவதற்கு மட்டும்.
எடுத்தது எடுத்தபடிதான் இருக்கும் அக்கா.
"தெரியும்" என்றாள்.

மேலே முழுப் படகு,
அணியத்தில் எண் படிக்கிற அளவுக்கு.
கீழே உடைப்பு.
இரண்டையும் ஒரே படமாக ஒட்டினேன்.
முழுப் படகு வந்ததால் சிவப்பு டவுசரும்
தானாக வந்துவிட்டது.
இருநூற்றுப் பன்னிரண்டு.
இன்னும் கொஞ்சம்.
நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

'சமர்ப்பி' அழுத்தியாயிற்று.
வெளியே காற்று, உள்ளே நெட் விட்டுவிட்டு வருகிறது.
வட்டம் சுற்றுகிறது, நிற்கிறது, சுற்றுகிறது.
பக்கத்தில் டெல்சி
போனை அழுத்துகிறாள், விடுகிறாள், அழுத்துகிறாள்.
தள்ளிக்க, தள்ளிக்க.
தண்ணீர் ஒழுகுகிறது.