ஹொம்புங்

எங்கள் கட்டிலுக்குள் நெல் இருக்கிறது.
தோபா ஏரிக்கரையில் இதற்கு
ஹொம்புங் என்று பேர்.
மேலே பாய் விரித்தால் படுக்கை,
மூடியைத் தூக்கினால் களஞ்சியம்.
முகப்பில் செதுக்கிய பல்லி,
அது பார்த்திருக்க நான்கு முலைகள்,
சிவப்பு, கறுப்பு, வெள்ளை.

புரண்டு படுத்தால் தெரிந்துவிடும் எனக்கு.
நிறைந்த பெட்டி பேசாது.
மழை பிடித்த வாரம்
என் இடுப்புக்குக் கீழே
டொம் என்றது.

அறுவடைக்கு இன்னும் ஐம்பது நாள்.
பிள்ளைகள் மூன்று. எலி கிடையாது.
ஜபிந்தார் தூங்கிக்கொண்டிருந்தான்,
தூங்குகிறவன் மாதிரியே.

விடிந்ததும் நெல்லைக் கையால் நிரவி
விரலால் ஒரு பல்லி வரைந்தேன்,
வாலை வலப்பக்கம் சுழித்து.
அம்மா வீட்டுக்குப் போய்
இரண்டு நாள் கழித்து வந்தேன்.
பல்லி இருந்தது.
கால் நான்கும் இருந்தன, கண்கூட.
வால் மட்டும் இடப்பக்கம்.

படகுத்துறையில் தியுர்மா சொன்னாள்:
சமோசிர் தீவில் உன் நாத்தனார் லம்ரியா
புருஷனைப் புதைத்த கையோடு
கடன்காரனுக்கு எருமையை ஓட்டிவிட்டாளாம்.

என்னிடம் கேட்டிருக்கலாம்.
கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்
என்பது அவனுக்குத் தெரியும்.
எனக்கும்.

அன்றிரவு நெல்லுக்கு மேல்
இருவரும் மல்லாந்து கிடந்தோம்.
தகரத்தில் மழை.
"ரெண்டு மரக்கால் எப்படிப் போதும் அவளுக்கு?"
என்றேன்.
வெகுநேரம் பேச்சில்லை.
அவன் புரண்டான்.
டொம்.

"வால் எந்தப் பக்கம்?" என்றான்.