விக்ரோலி நடைபாலம்

கறுப்புக் கோட்டு நிற்கும் இடத்துக்குப்
பத்தடி முன்பே
எனக்குள் ஒருத்தி பேசத் தொடங்கிவிடுவாள்:
"ஏட்டி ஞானசெல்வி, ஒன்னயத்தான் பாக்கான்."

பையில் சீசன் பாஸ் இருக்கிறது.
மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கட்டியது,
பிளாஸ்டிக் உறைக்குள், மடங்காமல்.
அது அவளுக்கும் தெரியும்.
ஆனாலும் தோள் இறங்கும்.
கை தானாக ஜிப்பைத் தேடும்.
கண் போய்
வயிற்றுவலி மாத்திரை விளம்பரத்தில் ஒட்டிக்கொள்ளும்.
இறங்கிய அத்தனை கூட்டத்திலும்
அவர் விரல் என்னை நோக்கித்தான் நீளும்.
"பாஸ்?"
காட்டுவேன்.
உள்ளதைக் காட்டும்போதும் நடுங்கும் விரல்.

நேற்று அவளுக்கு வேறு வேலை.
நாலு நாள் கூலியைப் பிடித்துவைத்த சூப்பர்வைசரிடம்
சொல்லவேண்டியதைச்
சயானில் ஏறியதிலிருந்து
தமிழில் ஒருமுறை, இந்தியில் ஒருமுறை
உருப்போட்டுக்கொண்டு வந்தாள்:
"எண்ணூறு காலர் தச்சிருக்கேன்.
பிச்சை கேக்கல."
"கேக்கல" என்ற இடத்தில்
ஒவ்வொரு முறையும் என் முகவாய் கொஞ்சம் உயர்ந்தது.
பாலம் எப்போது வந்தது, தெரியாது.
கறுப்புக் கோட்டு ஒன்று
ஒதுங்கி வழிவிட்டது மட்டும் நினைவிருக்கிறது.

மூன்று நாள் கூலி கிடைத்தது.
நாலாவதற்கு இன்னும் பேசவேண்டும்.

சாயங்காலம் சில்லறைக்காக உறையைத் துழாவியபோதுதான்
தேதியைப் பார்த்தேன்.
பாஸ் முடிந்து இரண்டு நாள்.
பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து
தனியாகச் சிரித்தேன்,
பக்கத்துக் கிழவர் தள்ளி உட்காரும் அளவுக்கு.

இன்று புதுப் பாஸ்.
மை இன்னும் பளிச்சென்று.
ரயில் விட்டுப் படியேறுகிறேன்.
பத்தடி.
அவள் தொண்டையைச் செருமுகிறாள்.