முறை

விவசாயிகள் சங்கக் கட்டடத்தில்
இருபத்திரண்டு கதிரை, ஒன்றுக்கு ஒரு கால் இல்லை.
அதில்தான் தவநேசனை இருத்தினார்கள்.
விழாமல் இருக்க
இடது காலை ஊன்றியபடியே
கேட்டதற்கெல்லாம் ஓம் என்றான்.

ஓம், யானைவேலிப் பற்றரியைக் கழற்றினது நான்தான்.
ஓம், களுவாஞ்சிக்குடியில், பழைய இரும்புக்காரனிட்ட,
ஏழாயிரத்துக்கு.
ஓம், தெரியும், கோபாலபிள்ளை அண்ணனுக்கு அன்றுதான்.

'அன்றுதான்' என்பதை அவன் விழுங்கிய விதத்தில்
நல்லரெத்தினம் தலைநிமிர்ந்து பார்த்தாள்.
மற்றபடி அவள் மூன்று மணித்தியாலமும்
சீலைத் தலைப்பில் ஒட்டியிருந்த நாயுருவியைத்தான்
பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

ஏன் விற்றாய்?
நுண்கடன்காரப் பொடியன் படலைக்கு உள்ளே வந்து நின்றான் என்றான்.
மனிசி அறைக்குள் ஒளித்திருந்தாள் என்றான்.
கடன் எல்லாருக்கும்தான் கிடக்கு,
என்றார் போடியாரின் மகன்,
நாங்க எல்லாம் பற்றரியா கழற்றுறம்?
அது நியாயம்.
நானும் தலையாட்டினேன்.

மறுகா ஒருவர் கேட்டார்:
போன மாதம் மாலையர்கட்டில் ஒருத்தன் கழற்றினானே,
யானை வரவில்லை, ஆரும் சாகவில்லை,
ரெண்டு ஏச்சோடு விட்டோமே.
அதே திருகாணி, அதே குறடு.
இவனிட்டக் கூட இருந்தது என்ன?
யானை, என்றது பின்வரிசை.
சிலர் சிரித்து,
நல்லரெத்தினத்தைக் கண்டு நிறுத்தினார்கள்.

யானையை யாரும் குற்றம் சொல்லவில்லை.
அதற்குப் பசி. அது யானை.
தவநேசன் மனிசன், யோசித்திருக்க வேணும்.
எவ்வளவு யோசித்தால் மனிசன் என்று
கொப்பியில் எழுதப்படவில்லை.

அன்றிரவு பரணில் காவல் என் முறை.
பின்னேரம் கோபாலபிள்ளையின் படலையில் நின்று
தலையிடி என்றேன்.
தலையிடி இல்லை.
ரீவியில் கிரிக்கெட் இருந்தது.
படு தம்பி, நான் பாக்கிறன், என்று
ரோச்சை உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார்.
எரிந்தது.

யானை வருமென்று எனக்குத் தெரியாது.
தவநேசனுக்கும் தெரியாது.
இரண்டு தெரியாதும் ஒரே நிறைதானா என்று
முந்தநாள் முழுக்க
நெல்லு நிறுத்தபடியே பார்த்தேன்.
முள் நெல்லை மட்டும் காட்டிற்று.

வரிசையாய்ச் சொல்லிக்கொண்டு வந்தார்கள்:
பொலிசுக்குக் குடு.
தண்டம் அடி, ஒரு லட்சம்.
இந்தப் போகம் அவன்ட வயலுக்குத் தண்ணி மறி.
சடங்கில் பங்கு எடுக்காதே.
ஒவ்வொன்றுக்கும் ஓம் என்றான்.
இடது கால் நடுங்கத் தொடங்கியிருந்தது.
வேறு கதிரை போட யாருக்கும் தோன்றவில்லை,
எனக்குத் தோன்றியது,
போடவில்லை.

இப்ப உங்கட முறை, என்றார் செயலாளர்.
எல்லா முகமும் என் பக்கம் கிறுகிற்று.
நல்லரெத்தினத்தின் முகமும்.

எழும்பினேன்.
தலையிடி, என்றேன்.

செயலாளர் அதையும் எழுதினார்.