இருநூற்றுப் பன்னிரண்டாம் மரம்

நூற்றிநாற்பதாவது மரத்தில் வரும்.
நடுநெஞ்சில் யாரோ
ஈரச்சாக்கை மடித்து வைத்ததுபோல்.
தாடை வரை ஏறும்.
கத்தியை மடியில் வைத்து உட்கார்ந்தால்
மெல்ல இறங்கும்.

சூப்பர்வைசர் செல்லத்துரை
ஹெட்லைட்டை என் முகத்தில் அடித்து
"கேஸுதான் கிரேஸ்பாய், இஞ்சி தட்டிக் குடி" என்றார்.
குடித்தேன்.
இஞ்சிக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஆசாரிப்பள்ளத்தில்
மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள்.
திரையில் என் இதயம்
மாசி மாத ரப்பர் மரம்போல், இலையில்லாமல், கிளை கிளையாக.
"அடைப்பே இல்லை, போகலாம்."
திருவட்டாறு வரை பஸ்ஸில் அவர் பேசவில்லை,
போன இரண்டு நாள் கூலியை
விரலில் எண்ணிக்கொண்டு வந்தார்.
மறுநாளும் நூற்றிநாற்பது.

பிறகு வந்த டாக்டர் மெஹ்ருன்னிசா
ஓடும் பட்டையில் என்னை நடக்கவிட்டு
ஆறாம் நிமிடத்தில் நிறுத்தினாள்.
தாளில் கோடு குழிந்திருந்தது.
"பெரிய குழாயெல்லாம் சரி.
படத்தில் விழாத மயிரிழைக் குழாய்கள் இருக்கு.
நீங்க மேடு ஏறும்போது அதுங்க விரிய மாட்டேங்குது."

எங்கள் மேட்டிலும் அப்படி ஒரு மரம் உண்டு, என்றேன்.
தடி பருமன், இலை பச்சை,
வெட்டினால் சிரட்டை காய்ந்து கிடக்கும்.
பட்டமரப்பு.
அவள் பேனாவை நிறுத்தி,
"அதுக்கு என்ன செய்வீங்க?"
"வெட்டாம விடுவோம்."
கொஞ்ச நேரம்
மின்விசிறி மட்டும் சுற்றியது.

நாக்கடியில் வைத்த மாத்திரை தலையைப் பிளந்தது,
நெஞ்சு அப்படியே.
அடுத்தது துடிப்பைக் குறைத்தது.
விரல் நுனி ஜில்லிட்டது, கனாவில் யார் யாரோ வந்தார்கள்.
நூற்றி எழுபது மரம்.
இன்னொன்று கூடச் சேர்ந்தபோது
கணுக்கால் வீங்கி
செருப்பு வார் தடம் ராத்திரி வரை நின்றது.
இருநூற்றுப் பன்னிரண்டு.

அவள் கணக்கு நிமிடம், என் கணக்கு மரம்.
சீட்டின் ஓரத்தில்
என் எண்ணையும் எழுதிக்கொண்டாள்.
வேறெந்த மருத்துவரும்
மரம் எண்ணி நான் பார்த்ததில்லை.

என் பங்கு முந்நூறு.

இன்று, விடிய இன்னும் நேரமிருக்கிறது.
மழைமறைப்பு பிளாஸ்டிக்கில் பனி சொட்டுகிறது.
இருநூற்றுப் பதிமூன்றின் பட்டையில்
கத்தியை வைக்காமல் நிற்கிறேன்,
வருகிறதா என்று.

கீழே
செல்லத்துரையின் வெளிச்சம் ஏறி வருகிறது.
மேட்டில் அவருக்கும் மூச்சு வாங்குகிறது.