நீலப் பென்சில்

போர்ட்டோவில் மழை பிடித்தால்
ஆறு எது தெரு எது என்று தெரியாது.
சொட்டும் குடையோடு நுழைந்தேன்,
நூற்றுப் பன்னிரண்டு வயது அறிஞர் கழகத்துக்குள்.
குடையை வாங்கிக்கொண்டவர் பட்டம் கேட்டார்.
சுங்க அலுவலகம், இரண்டாம் நிலை எழுத்தர் என்றேன்.
அவர் பேனா கொஞ்சம் தயங்கியது.

தகுதி கண்டு தானே நீண்டு இடம்கொடுக்கும்
பலகை எதுவும் அங்கில்லை.
கதவோரம் கால் ஆடும் நாற்காலி ஒன்று.
எதிரே பதினோரு வெள்ளைத் தலைகள்.
யாருடைய காதுக் கருவியோ
அவ்வப்போது குருவிபோல் கீச்சிட்டது.

"நீங்கள் எழுதும் அரசியலை யார் வெளியிடுகிறார்கள்?"
நான்தான்.
"யார் அச்சிடுகிறார்கள்?"
அச்சே இல்லை.
"எந்த நேரத்தில் எழுதுவீர்கள்?"
மகன் தூங்கிய பிறகு, பாத்திரம் கழுவிய பிறகு.
சில நாள் கழுவாமல்.
செயலர் இதையும் குறித்துக்கொண்டார்.

சொன்னேன்:
மாநகராட்சி ஒரு பாலத்துக்கு வண்ணம் பூசுகிறது.
ஒப்பந்தம் பொது ஆவணம். அதனாலேயே யாரும் படிப்பதில்லை.
மத்தி மீன் பெட்டிக்கு ஒரு வரி, தக்கைப் பெட்டிக்கு ஒரு வரி என்று
பகல் முழுக்கப் பொடியெழுத்தில் கிடக்கிறவள் நான்,
எனக்கு அது பழக்கம்.
ஒரே பாலம். ஒரே ஆண்டு. இரண்டு முறை வண்ணம்.
இரவில் எழுதினேன்.
விடிவதற்குள் நாலாயிரம் பேர் பாலத்தடியில் நின்றதுபோல
அண்ணாந்து பார்த்துவிட்டார்கள்.

"ஆதாரம்?" என்றார் டாக்டர் எவரிஸ்டு சர்மென்டு,
அடிக்குறிப்புகளுக்கென்றே தனித் தொகுதி போட்டவர்.
மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினேன்.
கோடு போட்ட சொல்லைத் தொடுங்கள்.
தொட்டார். ஒப்பந்தமே திறந்தது, கையெழுத்தோடு.
விரலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்,
மை ஒட்டியிருக்கிறதா என்று.

"குப்பையும் இதே வழியில்தானே வரும்?"
வரும். என் மாடிவீட்டுக்காரர்
நிலாவே பொய் என்று எழுதுகிறார்.
அவருக்கு என்னைவிட வாசகர் அதிகம்.
சிரித்தார்கள்.
அந்தச் சிரிப்பில் இருந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் சன்னலோரத்திலிருந்து ஜெர்வாசியு லமேகு,
அதுவரை வாய் திறக்காதவர்,
"உங்களை வெட்டுவது யார்?" என்றார்.
எனக்குப் புரியவில்லை.
"எழுபத்தொன்றில் என் கட்டுரையில் பதினாறு வரி.
நீலப் பென்சில். அழுத்தி அடித்திருந்தான்,
தாள் கிழிந்திருந்தது.
அவன் ஒருவன்தான் அம்மா
நான் எழுதியதை எழுத்து எழுத்தாகப் படித்தவன்.
உங்களை அப்படி யார் படிக்கிறார்கள்?"

நாலாயிரம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.
காதுக் கருவி கீச்சிட்டு ஓய்ந்தது.

பிறகு எழுந்துபோய் அவரிடம் ஒன்றைக் காட்டினேன்.
மார்ச் மாதத் தவறு.
நாற்பதாயிரத்தை நான்கு லட்சம் என்று எழுதியிருந்தேன்.
பிராகாவின் லாரி ஓட்டுநர் ஒருவர்
விடிகாலை மூன்று மணிக்கு,
வண்டியை ஓரம் நிறுத்திவிட்டு,
கூட்டிக் காட்டினார்.
நான் அழிக்கவில்லை. குறுக்கே ஒரு கோடு,
பக்கத்தில் சரியான தொகை. அவ்வளவுதான்.
லமேகு மூக்கு திரையில் இடிக்கக் குனிந்தார்.
"அடித்ததைப் படிக்க முடிகிறதே."
முடியும்.
"எல்லோராலுமா?"
எல்லோராலும்.
அவர் வேறெதுவும் கேட்கவில்லை.
விரலுயரக் கிண்ணத்தில் ஒயின் வந்தது.

மூன்று வாரம் கழித்துத் தபாலில்
கூட்டக் குறிப்பு, தட்டச்சில்:
"விருந்தினர் பெனடீட்டா ஃபல்காட்டு, சுங்கத்துறை.
பள்ளிக்கு வண்ணம் பூசுதல் பற்றிப் பேசினார்.
விவாதம் நடந்தது."
பள்ளி என்ற சொல்லின் குறுக்கே
நடுங்கும் நீலக் கோடு.
மேலே, பாலம்.
கோட்டுக்கு அடியில் பள்ளி தெளிவாகத் தெரிந்தது.
தாள் கிழியவில்லை.

பதினோரு நகலிலும் இப்படி அடித்தாரா,
எனக்கு வந்ததில் மட்டுமா?
கேட்டு எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.
அன்றும் பாத்திரம் கழுவவில்லை.