விழுதில்லாத ஆல்

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும்.
இன்று செவ்வாய்.
கேப் பிரெட்டன் தீவில் பிப்ரவரி.
தீயணைப்பு நிலையத்தின் மாடியறைச் சுவரில்
நீல நாடா ஒட்டி ஐந்து பத்தி பிரித்திருக்கிறாள் முர்டீனா:
கையில் இருப்பது, செய்யப்போவது,
எண்ணிக் காட்டக்கூடியது, மாறப்போவது,
கடைசியாக,
நிதி தீர்ந்த பிறகும் நிற்க வேண்டியது.

"கடைசிப் பத்தியிலிருந்து தொடங்குவோம்" என்கிறாள்.
லாக்லன் இருபத்திரண்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவன்.
"போய்ச் சேர்ந்த இடத்திலிருந்தா வண்டியை எடுப்பார்கள்?"
"எங்கே போகிறோம் என்று தெரியாமல் சாவியைத் திருப்புவாயா?"
"திருப்பியிருக்கிறேன்."

முதல் மஞ்சள் சீட்டு செவிலி யூஜெனியுடையது.
டயாலிசிஸுக்கு வராமல் போகிறவர்கள் பாதியாகக் குறைவார்கள்.
அதற்கு இடப்பக்கம், எல்லாரும் நேரத்துக்கு வருவார்கள்.
அதற்கும் இடப்பக்கம், வாரம் மூன்று நடை, சிட்னிக்கு
(கங்காரு சிட்னி இல்லை,
ஒன்றரை மணி நேரத்தில் இருக்கும் எங்கள் சிட்னி).
சுவர் முடியும் இடத்தில்
ஒரு வேன், ஓர் ஓட்டுநர், நான்கு பனிச்சக்கரங்கள்.

சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவே அம்பு.
தமிழில் அதற்கு இரண்டெழுத்து போதும்: ஆல்.
வேன் கிடைத்தால்.
கிடைத்த வேன் வந்தால்.
வந்ததில் அவர்கள் ஏறினால்.
எத்தனை கோடித் திட்டங்கள்
இந்த ஆலில் தொங்குகின்றன,
விழுதே இல்லாத ஆல்.

அதுவரை பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்த
பெர்னாடெட் டெனி சொன்னாள்:
"ஹெக்டர் ஏறமாட்டார்."

போன மாதம் அவர் வாசலில் காரை நிறுத்தி
ஹாரன் அடித்திருக்கிறாள்.
கதவைத் திறந்தார். கையசைத்தார். மூடிக்கொண்டார்.
யூஜெனியின் கோப்பில் அதற்கு ஒரு சொல் உண்டு:
ஒத்துழையாமை.

"அது இல்லை. அடுப்பு.
போக ஒன்றரை, இயந்திரத்தில் நான்கு, வர ஒன்றரை.
அவர் விறகடுப்பு ஐந்து மணி நேரம்தான் தாங்கும்.
போன வருடம் குழாய் உறைந்து வெடித்தது.
ஏழு மணி நேரம் கழித்து, ரத்தம் கழுவிய உடம்போடு வந்து,
கட்டிலுக்கடியில் பனிக்கட்டியை உடைத்திருக்கிறார்."

யூஜெனி பேனாவின் மூடியைத்
திறந்து மூடித் திறந்தாள்.

முர்டீனா அந்த ஓர் அம்பை மட்டும் பிய்த்தாள்.
நாடாவோடு சுவரின் பெயின்ட்டும் கொஞ்சம் வந்தது.
அந்த இடைவெளியில் புதுச் சீட்டு:
நண்பகலில் விறகு போட ஓர் ஆள்.
யார்?
பகல் முழுவதும் கீழே சீட்டாடும் தன்னார்வப் படை இருக்கிறதே.
தீயை அணைக்கச் சேர்ந்தவர்களை
மூட்டச் சொல்லிக் கேட்பதா என்று
லாக்லன் சிரித்தான்,
பிறகு அவனே எழுதினான்.

வரவுசெலவுப் படிவத்தில் விறகுக்கு வரி கிடையாது.
"இதர" என்பதில் நுழைத்தார்கள்.
எப்படி அளப்பீர்கள் என்றது படிவம்.
"புகைக்கூண்டில் புகை" என்றாள் பெர்னாடெட்.
முர்டீனா தட்டச்சு செய்தாள்:
பயனாளர் திரும்பும் நேரத்தில்
வெப்பம் பேணப்பட்ட இல்லங்களின் எண்ணிக்கை.
பெர்னாடெட் அதை இரண்டு தடவை படித்தாள்.
"அதைத்தானே சொன்னேன்."

மிஞ்சியது அடியில் இருந்த சின்னக் கட்டம்: அனுமானங்கள்.
இருநூறு எழுத்துக்கு மேல் ஏற்காது.
சாலை திறந்திருக்கும் என்று எழுதினார்கள்.
வீட்டுச் சாவியை
இன்னொருவர் கையில் கொடுப்பார்கள் என்று எழுதினார்கள்.
அங்கே எல்லாரும் நின்றார்கள்.

"ஹெக்டரிடம் யாராவது கேட்டீர்களா?"

ஹீட்டரின் சூட்டில் பசை இளகி
ஒரு சீட்டு தானாகக் கீழே விழுந்தது.
என்ன சீட்டு என்று யாரும் குனிந்து பார்க்கவில்லை.
லாக்லன் கோட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினான்.
வெளியே அவனுடைய பழைய டிரக்,
மைனஸ் பதினெட்டு.
சாவியைத் திருப்புகிறான்.
மறுபடி திருப்புகிறான்.